பூத்து முடிந்த காம்பு

கோட்டாற்றில் பலசரக்குக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் வீடு. மண் என்று சொல்ல உள்ளங்கை அகலம் கிடையாது. கீழே வற்றல் மிளகாயின் நெடி. மேலே நானும் சன்னலில் ஒரு கொடியும். மனைவி குவைத்தில் நர்சு.

கொடி அவள் கொண்டுவந்தது. 2006-ல் விடுமுறைக்கு வந்தபோது, சோப்பு டப்பாவுக்குள் ஈரப் பஞ்சில் சுற்றி, இரண்டே இலை உள்ள ஒரு துண்டு. ஹோயா என்றாள். அவள் தங்கியிருக்கும் அறையின் சன்னலில், நான்கு நர்சுகளுக்குப் பொதுவாக ஒன்று வளர்கிறதாம். மெழுகில் வார்த்தது போன்ற நட்சத்திரங்கள், இருபது முப்பது சேர்ந்து ஒரு கொத்தாகத் தொங்குமாம்.

"அங்க நாலு பேருக்கு நடுவுல நின்னு பாத்தாச்சு. நம்ம வீட்டுல, நான் லீவுல நிக்கும்போ ஒரு தரம் பூக்கணும். அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் தோவாளைக்காரன், பிச்சிப்பூத் தோட்டத்தில் வளர்ந்தவன். பூ விஷயத்தில் என்னிடம் ஒருத்தி இவ்வளவு குறைவாகக் கேட்கிறாளே என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

சின்னத் தொட்டி, தேங்காய்க் கதம்பையை நறுக்கிப் போட்டு, மேலே கொஞ்சம் மணல். நெருக்கமான இடத்தில்தான் அதன் வேருக்குச் சுகம். தண்ணீர் கேட்காது. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: வேணுமா, போதுமா, வெயில் சுடுதா? கம்பியைச் சுற்றி ஏறியது, இறங்கியது, திரைச்சீலையைப் பிடித்தது. தடித்த இலைகளைக் காலையில் ஈரத்துணியால் துடைப்பேன். முகம் துடைத்த பிள்ளை மாதிரி மினுங்கும்.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் பூத்தது. போனில் நான் கத்திய கத்தலில் கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பத்து நாளில் எல்லாம் உதிர்ந்தது. மொட்டைக் காம்பு ஒன்று ஈர்க்குத் துண்டு போல நின்றது. கிள்ளிவிட்டேன். பிச்சியில் பூத்து ஓய்ந்த நுனியை விட்டுவைக்க மாட்டார்கள். கிள்ளினால்தான் புதுத் தளிர், தளிரில்தான் மொட்டு. என் நகத்துக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டாத வேலை. பால் கசிந்தது. துடைத்துவிட்டேன்.

மறு வருடம் வெறும் இலை. அதற்கடுத்த வருடம் வேறொரு கணுவில் ஒரு கொத்து, அவள் இல்லாதபோது. உதிர்ந்தது, கிள்ளினேன். பிறகு இன்னொன்று, அதுவும் அப்படியே. அவள் வரும் மே மாதத்தில் மட்டும் சன்னல் பச்சையாகவே நிற்கும்.

"பூத்துது பூத்துதுன்னு சொல்லுதிய, ஒரு இதழ் உண்டா காட்ட?"

"உதிந்துட்டு புள்ள. இந்தச் செடிக்கும் ஒனக்கும் ராசி இல்ல."

"நான் ஏர்போட்டுல எறங்கும்போ கரெக்டா உதிரும், என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் திரும்பிப் போகும் நாளில் சன்னல் பக்கம் பார்க்காமல் படியிறங்குவாள்.

ஏழாவது வருடம் ஏப்ரலில் பூத்து, அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் உதிர்ந்தது. அவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றியபடி பேசிக்கொண்டிருந்தாள். நான் சன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டுக்குக் காம்புக்குப் போயிருக்கிறது.

"கைய எடுங்க!"

திடுக்கிட்டு எடுத்தேன்.

"என்ன செய்யுதிய?"

"முடிஞ்ச காம்பு. கிள்ளினாத்தானே புதுசு வரும்?"

"அய்யோ, இது பிச்சியா? இதுக்குப் பழைய காம்புலதான் திரும்பத் திரும்பப் பூக்கும். எங்க ரூம்புல ஒத்தக் காம்பு ஏழு தரம் பூத்தாச்சு. இதுவரைக்கும் எத்தன கிள்ளினிய?"

"மூணு."

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நீங்களே கிள்ளிப்போட்டுட்டு எனக்கு ராசி இல்லன்னு சொன்னியளே! சும்மா இருக்க மாட்டாத ஒங்க வெப்ராளம் புடிச்ச கைக்கு ஒரு கட்டுப் போடணும்."

கைக்குப் போடவில்லை. பெட்டியிலிருந்து கட்டுத்துணியை எடுத்து, ஒரு கீற்றுக் கிழித்து, அந்தக் காம்பின் அடியில் தளர்வாக முடிந்தாள். புண்ணில்லாத இடத்தில் அவள் போட்ட முதல் கட்டு அதுவாகத்தான் இருக்கும்.

நாற்பது நாள் விடுமுறை. பத்தாம் நாள் காம்பின் நுனியில் குண்டூசித் தலை போல ஏதோ தெரிந்தது. தொட்டியை அசைக்காதீங்க என்றாள். அசைத்தால் மொட்டு விழுந்துவிடுமாம். நான் அந்த அறைக்குள் ஒரு திருடனைப் போல நடந்தேன். குண்டூசித் தலை மிளகானது, மிளகு கொஞ்சம் ரோஸ் நிறமானது, ஐந்து மூலை வந்தது. விமான டிக்கெட்டைப் பார்ப்பதும் மொட்டைப் பார்ப்பதுமாக நாட்கள் கரைந்தன.

முப்பத்தாறாம் நாள் மாலை. அவள் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடியை விலக்கிக்கொண்டு ஒரு வாசம் வந்தது, காய்ச்சிய பாலில் தேன் விட்டது போல. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கொத்து விரிந்திருந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் சிவப்பாக ஒரு குட்டி நட்சத்திரம், அதில் ஒரு துளித் தேன்.

அவள் கொத்துக்குப் பக்கத்தில் வந்தாள். மடித்த சேலை கையிலேயே இருந்தது. பிறகு ஒரு துளியை விரல் நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"கொள்ளாம்," என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அவள் போய் ஒரு வாரத்தில் பூக்கள் உதிர்ந்தன. சொல்வதற்குப் போன் செய்தேன்.

"காம்பு நிக்கா?"

"நிக்கு. கட்டும் இருக்கு."

"ஒங்க கை எங்க இருக்கு?"

"ஒண்ணு போன்ல. இன்னொண்ணு முதுகுக்குப் பின்னால."

"அங்கயே இருக்கட்டு," என்றாள்.