மாஸ்டர் ஃபோசு கத்தியவை

குமாசியில், அசாஃபோ சந்தைக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் டுஃபி மூன்று வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை கொஞ்சம், சர்ச் அறிவிப்பு கொஞ்சம். மற்றதெல்லாம் சாவுப் புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, பாட்டு. அப்புறம் மனைவியின் அஞ்சலி, பிள்ளைகளின் அஞ்சலி, சபையின் அஞ்சலி. சனிக்கிழமை பந்தலில் அவரவர் எழுந்து நின்று தங்கள் பக்கத்தை மைக்கில் வாசிக்க வேண்டும். எழுத வராதவர்களுக்காக முதலாளி பெதியாக்கோ கணினியில் ஒரு அஞ்சலி வைத்திருந்தார். பெயரை மாற்றினால் போதும். ‘அப்பா, நீங்கள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை’ என்று அது தொடங்கும். அப்படிப்பட்ட அப்பாக்கள் இருநூறு பேரையாவது டுஃபி அச்சுக்கு அனுப்பியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை அச்சியா வந்தாள். கறுப்புத் துணி, கழுத்தில் துண்டு, கையில் அப்பாவின் படம். சுவாமே பட்டறைகளில் நாற்பது வருடம் லாரி ரிப்பேர் செய்த மாஸ்டர் ஃபோசுவின் மூத்த மகள். டுஃபி பெயரை மாற்றி, திரையை அவள் பக்கம் திருப்பினாள். முதல் வரியிலேயே அச்சியா சிரித்துவிட்டாள்.

“யாரு, எங்கப்பாவா? சிஸ்டர், நீ இந்த ஊருதானா? அவர் சுவாமேல கத்துனா அந்தப் பக்கம் கெஜேத்தியால ஓடுற பஸ்ஸு நின்னுரும்.”

“எல்லாருக்கும் இதுதான் போடுறது. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல.”

“செத்தவங்க எப்படிச் சொல்லுவாங்க?” அச்சியா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “இங்க பாரு. நாந்தான் மூத்தவ. நான் வாசிக்கலேன்னா ஊரு காறித் துப்பும். இத வாசிச்சா பாதியில நின்னுருவேன். அவர் வேண்டாம்னு சொன்னவனக் கட்டிக்கிட்டேன். பதினோரு வருஷம் அவரும் பேசல, நானும் பேசல. பொய்ய மைக்குல சொல்ல எனக்கு வராது.”

“அப்ப நீங்களே எழுதிட்டு வாங்களேன்.”

“நாலு நாளா உக்காந்து பாத்துட்டேன். ‘அப்பா’ன்னு எழுதுறேன், அதுக்கு மேல பேனா நகரல. நீ எழுது. நான் நெஞ்சுல கை வச்சு வாசிக்கிற மாதிரி.”

டுஃபி அதுவரை தன் சொந்த வாக்கியம் ஒன்றையும் அச்சில் ஏற்றியதில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“சரி, என்ன சொல்லிக் கத்துவாரு?”

அச்சியா எழுந்து நின்றாள். இடுப்பில் கை போனது. குரல் ஆண்குரலாகிவிட்டது.

“‘ஏய்! என்ஜின் இருமுது, நீ கொட்டாவி விடுற?’ ‘அந்த நட்டு என்ன உன் மாமியாரா, தொடப் பயப்படுற?’ ‘கழட்டத் தெரியுது, மாட்டத் தெரியுமாடா?’”

உள்ளேயிருந்து பெதியாக்கோ கத்தினார். “டுஃபி, அங்க என்ன சண்டை?”

“சண்டையில்லீங்க, அஞ்சலி.”

டுஃபியின் விரல்கள் நிற்கவில்லை. பழைய அஞ்சலி ஒவ்வொரு வரியாக அழிந்தது. கடைசியில், “உங்களப் பாத்து என்ன சொல்லிக் கத்துனாரு?” என்று கேட்டாள். கேட்டபின் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அச்சியா அப்பாவின் படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு அதையும் சொன்னாள்.

“இதையும் போடலாமா?” என்று கேட்டாள் டுஃபி.

“போடு. அது மட்டும் இல்லேன்னா மத்ததும் பொய்தான்.”

வியாழக்கிழமை, அச்சுக்கு முன் பார்க்க அச்சியாவோடு குடும்பத் தலைவர் வந்தார். மாஸ்டரின் அண்ணன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே வைத்துப் படித்தார்.

“சாவுல வசவு வாசிக்கிறதா? என்ன பழக்கம் இது! உன் வேலையா, அச்சியா?”

அச்சியா வாயைத் திறக்குமுன் டுஃபி முந்திக்கொண்டாள். “ஐயா, உங்களயும் பாத்துக் கத்தியிருக்காரா?”

“என்னயா? நான் அவனுக்கு மூத்தவன்!” பெரியவர் தாளைக் கீழே வைத்தார். “ஒரு தடவ அவன் ஸ்பேனர எடுத்து யாம் கிழங்கு தோண்டிட்டேன். ‘அண்ணே, அடுத்தது மம்பட்டியால பல்லு வெளக்கு’ன்னான். தெருவே கேட்டுது.” உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். போகும்போது வாசலில் திரும்பி, “ஸ்பேனர் கதைய ரெண்டாவது பக்கத்துல மேலயே போடு. கீழ போட்டுறாத,” என்றார்.

சனிக்கிழமை டுஃபி பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அச்சியா மைக்கைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்தாள். “எங்கள் அப்பா கத்துவார்,” என்று தொடங்கினாள். பந்தல் நிமிர்ந்தது. கொட்டாவி வரியை வாசித்தாள், இடப்பக்கம் பட்டறைக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். “கழட்டத் தெரியுது,” என்று அவள் வாசித்ததும் முப்பது குரல் ஒன்றாக எழுந்தது:

“மாட்டத் தெரியுமாடா!”

தலை நரைத்தவர்கள். அவர்களும் ஒருகாலத்தில் அந்தக் கேள்விக்கு முழித்து நின்றவர்கள்தான். ஒருவர் அழுதுகொண்டே சிரித்தார். ஸ்பேனர் கதை வந்தபோது பெரியவர் எழுந்து நின்று நான்தான் என்று கையைத் தூக்கினார்.

பிறகு கடைசிப் பத்தி. டுஃபி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“நான் வீட்டை விட்டுப் போன அன்று, ‘போ. போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போ’ என்று கத்தினார். நான் சாத்தவில்லை. வேண்டுமென்றே திறந்துபோட்டுவிட்டுப் போனேன். மறுநாள் ஆடு நுழைந்து மரவள்ளியை மேய்ந்துவிட்டதாம். அதற்கும் கத்தினார் என்று அம்மா சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை. பதினோரு வருடம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பா, போய் வாருங்கள்.”

குரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. புத்தகத்தை மூடினாள். அம்மா கை நீட்டி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

டுஃபிக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். “பாத்தியா, எப்படி எழுதியிருக்கா! சின்னதுலயே அவளுக்கு வாய் ஜாஸ்தி.”

“ஆமாங்க,” என்றாள் டுஃபி. சாப்பாட்டு வரிசையில் நின்று ஜொலோஃப் சோறும் கோழியும் வாங்கி, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அச்சகம் திறந்ததும் ஒரு பெண் வந்தாள். துக்கத்துக்கு உடுத்திய சிவப்புத் துணி, கையில் ஒரு கிழவியின் படம்.

“கத்துறத எழுதுறவங்க யாரு? அச்சியா அனுப்புச்சா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னா.”

பெதியாக்கோ மேசைக்கு மேலாக டுஃபியைப் பார்த்தார்.

“ஆனா ஒரு சிக்கல்,” என்றாள் வந்தவள். “எங்கம்மா கத்தவே மாட்டாங்க. நெசமாவே.”

டுஃபி ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். கணினியில் இருந்த பழைய அஞ்சலியைத் திறக்கவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

“உக்காருங்க. கோவம் வந்தா, கத்தாம என்ன செய்வாங்க?”