ரிவர்ஸ் வராத பார்சல் அக்கா

கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவார் பார்சல் அக்கா. "உள்ளதான் இருக்கீங்க, செருப்பு வாசல்ல கெடக்கு. மெதுவா வாங்க. அதுக்குள்ள நானும் மூச்சு வாங்கிக்கறேன்." நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கியிருப்பார்.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்து, "சட்டைதானே? நாப்பது சைஸு. உங்களுக்குப் பத்தாது" என்றார். பத்தவில்லை. ஆயத்த ஆடை ஆலையில் பதினாறு ஆண்டுகள் சட்டை மடித்த கை அது.

அந்த ஆலையை ஒரே நாளில் மூடினார்கள். அக்காவும் கணவரும் ஒன்றாகவே வேலையிழந்து வெளியே வந்தார்கள். கணவர் மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா நாற்பத்து நான்கு வயதில் ஸ்கூட்டர் பழகி, விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு, இந்த வேலையில் சேர்ந்தார். இப்போது சமையல் கணவர் பொறுப்பு. "உப்புதான் இன்னும் பிடிபடல. சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. நான் தண்ணியக் குடிச்சே சமாளிக்கறேன்."

பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அடைமழை பெய்தால் அரை வயிறுதான். பணமில்லாமல் மகளின் கல்லூரி ஓராண்டு தள்ளிப்போய்விட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கும். உடனே, "வர்ற வருசம் சேத்துருவேன்" என்று நிமிர்ந்துகொள்வார்.

வேன் ஓட்டுபவர்களுக்கு மாதச் சம்பளம் என்று தெரிந்ததும் கார் பழகப் போனார். உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் ரிவர்ஸில். "முன்னாடின்னா எங்க வேணா போவேன். பின்னாடி போகச் சொன்னாத்தான் வண்டி கோணிக்கிட்டுப் போகுது." தேர்வு அதிகாரி, "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? வீட்ல ஆம்பள இல்லையா?" என்று கேட்டாராம். "இருக்காரு சார். கொழம்பு வச்சுக்கிட்டு இருக்காரு" என்றாராம் அக்கா.

மூன்றாவது தேர்வுக்கு முன்பு கணவரே பயிற்சி மைதானத்துக்கு வந்துவிட்டார். அட்டைப் பெட்டிகளை இரண்டு வரிசையாக வைத்து, காருக்குப் பின்னால் தானே நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டினார். "அடுப்புப் பக்கம் நிக்க இருக்கறது அந்த ஒரே ஆளு. ஏத்திட்டா என்ன பண்றது? அந்தப் பயத்துலயே ரிவர்ஸ் நேரா வந்துருச்சு!" என்று சிரித்தார் அக்கா. தேர்வில் தேறியும் விட்டார்.

போன திங்கட்கிழமை காலை பார்சல் கிடங்கைத் தாண்டிப் போனேன். வாசலில் வெள்ளை வேன். நடைபாதையில் கணவரும் மகளும். மகள் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க, கணவர், "பாத்து, பாத்து" என்று வேன் நகர்வதற்கு முன்பே கத்திக்கொண்டிருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்தார். அதுவரை அந்த வேனை ஓட்டியவர் நெட்டையர் போலும். அக்காவின் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அவர் குனிந்து, இருக்கையின் அடியில் கைவிட்டு, "டக்"கென்று அதை முன்னால் இழுத்தார். போதவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.