சம்பளமில்லாத வேலைக்கும் சிபாரிசு

வேலை தேடுவது என்பதே ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பஸ் கட்டணமும் கைக்காசு. அதைவிடக் கேவலமான தொழில் ஒன்று உண்டு. சம்பளமே வேண்டாம், சும்மா வேலை செய்ய விடுங்கள் என்று வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சுவது. மொரிஷியஸில் அதற்கு ‘ஸ்டாஜ்’ என்று பெயர். இஸ்திரி போட்ட உடுப்போடும் மதிப்பெண் தாளோடும் எந்த ஆபீஸ் வாசலிலாவது காத்துக் கிடந்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்வெட்டர் தொழிற்சாலைகள் ‘ஆள் தேவை’ என்று மாட்டிய போர்டைக் கழற்றவே நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. வடக்குக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. தலைநகர் போர்ட் லூயியில் வங்கிகள் மாடி மேல் மாடி கட்டின. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் நிதிப் படிப்பில் முதல் ஆண்டை முடித்திருந்தேன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சாந்த் குருவாவில் ஒரு கோயிலுக்குக் குருக்களாக வந்தவர். என்னோடு படித்த தேவி டிராங்கெபார்க்காரி; போர்ட் லூயியை ஒட்டிய மலைச்சரிவில் ஏழைகளின் பேட்டை அது. கரும்பு வெட்ட வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி. அவள் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் தையல் வேலை. தேவிக்குத் தமிழ் என்றால் காவடிப் பாட்டும் ‘வணக்க’மும்தான். நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். இங்கே தமிழில் எழுதுகிறேன். கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் அவள்.

விடுமுறைக்குள் எங்காவது கணக்குப் பிரிவில் ஸ்டாஜ் செய்தால்தான் இரண்டாம் ஆண்டு என்று விதி. எங்கே போய்ச் செய்வது என்பது மட்டும் விதியில் இல்லை. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை தேவியின் அம்மா முன்பே சொல்லிவிட்டார்: “படிச்சது போதும், என் பக்கத்து மெஷின் காலியா இருக்கு.”

எந்த சபாபதி?

முதலில் ஒரு வங்கிக்குப் போனேன். ஆள் எடுக்கும் அதிகாரியின் அறை முழுக்க சென்ட் வாசனை. என் மதிப்பெண் தாளை அவர் திறக்கவே இல்லை. பெயரைப் பார்த்தார்.

“மீனாட்சி சபாபதி. எந்த சபாபதி?”

கேள்வி புரியவில்லை. “அப்பா பெயர்” என்றேன். “அது தெரிகிறது. ரோஸ் ஹில்லில் லாரிகள் ஓட்டுகிறார்களே, அந்த சபாபதியா? சிமென்ட் இறக்குமதி செய்கிறவர்களா?” இந்தத் தீவில் பெயரின் பின்பாதி குடும்பத்துக்குச் சொந்தம். எங்களுக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. விமான நிலையத்து அதிகாரி காலியான கட்டத்தில் அப்பா பெயரை எழுதினார், அவ்வளவுதான். கோயில் குருக்கள் மகள் என்று சொன்னேன். பேனா மூடியை மாட்டினார். பக்கத்து அறைக்கு டெலிபோன் செய்து ஏதோ விசாரித்தார். அப்புறம் மிகவும் மரியாதையாக எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

“மன்னிக்க வேண்டும், மாம்செல். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் கணக்கு வைத்திருக்கவில்லையே.”

அதுவும் கணக்குதான்

குட்லண்ட்ஸில் ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலை எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோது தேவி பஸ்ஸிலேயே பாட ஆரம்பித்துவிட்டாள். கரும்பு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. எங்களுக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. கணக்குப் பிரிவு ஒரு கண்ணாடி அறை. உள்ளே குளிர்ச்சி, இரண்டு நாற்காலிகள். காலையில் அதில் உட்கார்ந்தோம். மத்தியானம் மேனேஜர் வந்தார். கப்பல் காத்திருக்கிறது, இன்றைக்கு மட்டும் கீழே பேக்கிங்கில் உதவுங்கள் என்றார்.

அந்த ‘இன்றைக்கு மட்டும்’ ஒரு வாரத்தைத் தாண்டியது. ஸ்வெட்டரை மடி, லேபிள் ஒட்டு, பெட்டியில் அடுக்கு. மூக்கிலும் தொண்டையிலும் கம்பளித் தூசி. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி அறையில் எங்கள் நாற்காலிகள் மேல் யாரோ கைப்பை வைத்திருந்தார்கள். “இதே வேலையைத்தான் எங்கம்மா செய்யறாங்க. அவங்களுக்குக் கூலியாவது கொடுக்கறாங்க” என்றாள் தேவி. அன்றைக்கே மேனேஜரிடம் போனோம். நாங்கள் கணக்கு கற்றுக்கொள்ள வந்தோம் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“ஒரு பெட்டிக்கு எத்தனை ஸ்வெட்டர் என்று எண்ணுகிறீர்களா இல்லையா? அதுவும் கணக்குதான்.”

புடவைக்காரி

தொழிற்சாலையை விட்டு வந்ததும், அங்கே பிடித்த இருமலோடு தேவி படுத்துவிட்டாள். நான் மட்டும் கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். அங்கே நிதிப் பிரிவின் தலைவர் என்னை உட்காரவைத்து நன்றாகவே பேசினார். இந்தியாவில் பிறந்தவளா என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒருவர் என் பிறந்த ஊரைக் கேட்டு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை எனக்காகக் காத்திருந்தது மேஜை இல்லை, ரோஜா நிறத்தில் ஒரு நைலக்ஸ் புடவை. ஐரோப்பாவிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்குகிறதாம். வரவேற்பறையில் நின்று ஆளுக்கு ஒரு மாலை, நெற்றியில் ஒரு பொட்டு. வெயிலில் சிவந்த நெற்றிகள் வரிசையாகக் குனிந்தன. ஒருவர் ஒரு கையில் ரம் கிளாஸோடு, இன்னொரு கையை என் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். என் அப்பா காலையில் குளித்து, மந்திரம் சொல்லி, சந்நிதியில் எடுத்துக் கொடுக்கிற குங்குமம் அது. இங்கே அது ரம்மோடு கொடுக்கிற இலவசம். தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் குளியலறையில் புடவையை அவிழ்த்தேன். சொந்த உடுப்பில் போய் அந்தத் தலைவர் முன் நின்று என் மேஜை எங்கே என்று கேட்டேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“கணக்கு எழுத எத்தனையோ பேர் வருவார்கள், மாம்செல். புடவை கட்டத் தெரிந்த பெண்ணுக்கு நான் எங்கே போவேன்?”

விலாசம்

தேவி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு தணிக்கை நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. நானும் துணைக்குப் போனேன். கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே பேசியதெல்லாம் வெளியே கேட்டது. தேய்மானம், கையிருப்பு மதிப்பு என்று அங்கிருந்த அதிகாரி கேட்கக் கேட்க தேவி டக் டக்கென்று பதில் சொன்னாள். ஓர் இடத்தில் அவர் “ப்ராவோ” என்றது எனக்கே கேட்டது. கிடைத்துவிட்டது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

கடைசிக் கேள்வி: எங்கே இருக்கிறாய்? டிராங்கெபார் என்றாள். ‘இங்கிருந்து நடந்தே வந்துவிடலாம், பஸ்கூட வேண்டாம்’ என்று வேறு உற்சாகமாகச் சேர்த்தாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது, கதவு இறுகச் சாத்தப்பட்டது. வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மலைச்சரிவில் அவர்கள் வீடுவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். கதவருகில் நின்று, அந்த மனிதர் குரலிலேயே, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்:

“எங்கள் வாடிக்கையாளர்களின் பைல்கள் அந்தப் பேட்டைக்காரி கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா, சொல்லு?”

வெள்ளிக்கிழமை பூஜை

எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் டைரக்டர். அவர் கார் வந்து நிற்கும்வரை அப்பா தீபாராதனையைத் தள்ளிப்போடுவார். கூட்டம் ஒதுங்கி வழிவிடும். அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அப்பா மறுத்தார். யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு இந்த ஊரில் இருந்த ஒரே கௌரவம். தேவிக்கு நடந்ததைச் சொல்லி நான் அழுத பிறகு, அப்பா பிரசாதத் தட்டோடு டைரக்டர் பின்னாலேயே வாசல்வரை போய்க் கேட்டார். எனக்கு மட்டுமில்லை, தேவிக்கும் சேர்த்து. “திங்கட்கிழமை அனுப்புங்கள், ஐயரே” என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழில்.

போனோம். காலை போய் மத்தியானமும் போனது. கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார். இருந்த இடத்துக்கு ஒரு நண்பரின் மகனை எடுத்தாயிற்றாம். அந்தப் பையனை எங்களுக்குத் தெரியும். கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதக் காத்திருந்தவன். ‘ஐயர் மகளுக்கு எதற்கு ஆபீஸ், நல்ல மாப்பிள்ளை நான் பார்க்கிறேன்’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேலும் கோபம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை நேரத்துக்குள் கார் வரவில்லை. அப்பா மணியை எடுத்தார், தீபம் காட்டினார், திரை போட்டார். அப்புறம்தான் டைரக்டர் வந்தார். கோயில் கமிட்டிக்காரர் ஓடிவந்து, இன்னொரு தடவை தீபம் காட்டச் சொன்னார். அப்பா குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூட்டம் முழுக்கக் கேட்டது.

“அவர் ஆபீஸ்ல யாரை எப்போ உள்ளே விடறதுங்கறது அவர் இஷ்டம். இங்கே ஸ்வாமி யாருக்காகவும் காத்துண்டிருக்க மாட்டார்.”

டெலிபோன்

விடுமுறை முடியப்போகிறது. தேவியின் அம்மா அவளுக்குத் தொழிற்சாலையில் பேசி முடித்துவிட்டார். கடைசியாக ஒரு தடவை, எங்கள் படிப்புக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளரைப் பார்க்கப் போனோம். அவர் புகையிலைப் பைப்பைத் தட்டிக்கொண்டே, மாணவர்கள் சொந்த முயற்சியில் இடம் தேடுவதுதான் பயிற்சியின் முதல் பகுதி என்றார். உங்களுக்கு முயற்சி போதவில்லை என்றார்.

தேவி எழுந்தாள். அவ்வளவு சத்தம் அவளுக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. குட்லண்ட்ஸ், ஹோட்டல், பைல், பிஸ்கட் எல்லாம் வந்தன. கண்ணீர் வரவில்லை, இருமல்தான் வந்தது. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் அவளை உட்காரச் சொல்லிக்கொண்டே டெலிபோனை எடுத்தார். யாரோ ஒரு நண்பரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மீன்பிடிக்கப் போன கதை கொஞ்சம் பேசினார், ‘இரண்டு பெண்கள், நல்ல பெண்கள்’ என்றார், வைத்தார். திங்கட்கிழமை முதல் இரண்டு பேருக்கும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடம். நன்றி சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். தேவி முந்திக்கொண்டாள்.

“விடுமுறை முழுக்க இந்த டெலிபோன் இங்கேதானே இருந்தது, மிசியே?”

ஆள் பஞ்சம்

அந்த நிறுவனத்தின் வாசலைப் பார்த்ததும் தேவி என் கையைக் கிள்ளினாள். வங்கிக்கும் குட்லண்ட்ஸுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு தடவை வந்து நின்ற வாசல் அது. அனுபவம் இல்லாதவர்களை உள்ளே விட உத்தரவில்லை என்று அதே காவலாளிதான் எங்களைத் திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். வேலை நிஜமான வேலை. வங்கிக் கணக்கை எங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது, வெளிநாட்டுப் பாக்கிகளைப் பிரித்து வைப்பது. தேவி இருமலை மறந்து உட்கார்ந்தாள். பல்கலைக்கழகம் திறக்கும் நாள்வரை இருந்தோம். இரண்டாம் ஆண்டில் அவள் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் அம்மாவின் பக்கத்து மெஷினுக்கு வேறு யாரோ வந்தார்கள்.

கடைசி நாள் தலைமைக் கணக்கர் எங்களுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார். தேவியின் வேலையை வாயாரப் புகழ்ந்தார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் உதவிக்கு ஆள் கிடைக்காமல் எவ்வளவு தவித்தோம் தெரியுமா என்றார். தேவி காவலாளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கேக்கின் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

“என்ன செய்வது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட வாசலுக்கு வந்து கேட்பதில்லை.”

கோபத்துக்கு யாராவது சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால், அந்த விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறியிருப்போம்.