பஸ்ஸில் ஒரு மாமியார் வேஷம்

எங்கள் வாசிப்புக் குழுவின் இந்த மாதச் சவால் நாடகம் பற்றியது; அதற்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. நாடக நடிகர்களின் வாழ்க்கை வரலாறு இரண்டை உடனே முடிவு செய்துவிட்டேன். கூடவே ஒரு நாடகமும் வேண்டும்; அதுதான் இடித்தது. "நாடகத்தைப் படிச்சா சப்புன்னு இருக்கு" என்று குழுவில் பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள்.

இன்று காலை செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் பஸ்ஸில் ஒரு குடும்ப நாடகத்தைப் படித்துப் பார்த்தேன். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

"இரும்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார் பக்கத்து சீட் அக்கா. பெயர் சரசு, கடற்கரை ரிசார்ட் ஒன்றில் துணி துவைக்கிற வேலையாம்.

"இவங்க சண்ட போட்டுகினு கீறாங்க, நீ வாயே தொறக்காம படிக்கிற. நான் மாமியாருக்குப் பேசறேன், நீ மருமவளுக்குப் பேசு."

பேசினோம். "பீரோ சாவிய குடுத்துட்டுப் போ" என்று அவர் அதட்டியதில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நானும் குரலை உயர்த்தினேன்.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "இன்னாம்மா இது, வூட்ல போய் பேசிக்கக் கூடாதா?"

"அண்ணாத்த, இது நாடகம்" என்று சரசு அக்கா புத்தகத்தைக் காட்டினார்.

அவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "சரி, சாவிய குடுத்தாளா இல்லியா?"

அந்த நாடகத்தையே பட்டியலில் முதலில் போட்டுவிட்டேன். எல்லோரும் சேர்ந்து சத்தமாகத்தான் படிக்கப் போகிறோம். மருமகள் நான்தான், அதில் மாற்றமில்லை.

மாமியாராக வர யாருக்குத் தைரியம் இருக்கிறது?