கூடாரத்தில் ஒளித்த பலாப்பழம்

2009 மே மாதம் நானும் கணவரும் நீலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கினோம். பண்ருட்டிக்காரர்களாயிற்றே, கையோடு ஒரு பலாப்பழம் கொண்டு போனோம்.

கரடி வரும் என்று முகாம் காவலாளி எங்கள் சாப்பாட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினார். பலா அதில் நுழையாது.

“காயாத்தான இருக்கு, வாசனையே வரல. காவலாளிகிட்ட சொன்னா தூக்கிப் போடச் சொல்வாரு. சொல்லாத, கூடாரத்துக்குள்ளயே வச்சிக்கலாம்” என்றார் கணவர். நானும் தட்டிப் பார்த்து, பழுக்க இரண்டு நாளாகும் என்றேன்.

விடிந்தபோது கூடாரமே மணத்தது. அப்போதும் சொல்லாமல் பல் துலக்கப் போய்விட்டோம். திரும்புவதற்குள் அந்த வாசனைக்கு வந்து கூடாரத்தைக் கிழித்த கரடியை விரட்டப்போன காவலாளிக்கு, அது அறைந்ததில் ஒரு கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர், “எல்லாத்தையும் பெட்டியில வச்சேனேம்மா, எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.

இப்போது மலைக்குப் போனால், காவலாளி கேட்கும் முன்பே பையைக் கொட்டிக் காட்டிவிடுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.