கூடைக்குள் மயில்

டிரைவர் இருக்கிறார். கண்டக்டர் இருக்கிறார். புளி மூட்டையோடு நான் இருக்கிறேன். மடியில் கூடையோடு ஓர் அக்கா. கூடைக்குள் ஓர் அடைக்கோழி. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கும் முதல் பஸ், டயர் பஞ்சராகி வளைவில் நிற்கிறது.

அக்கா கோழியைத் தூக்கிப் பார்க்கிறாள். அடியில் நாலு குஞ்சுகள் ஈரமாய்க் கிடக்கின்றன. ஒரு முட்டை மட்டும் விரிசலோடு இருக்கிறது.

“கோழிக்குஞ்சு மாதிரி இல்லீங்களே?” என்கிறேன்.

“மயிலுங்க. கொல்லைய உழுவறப்போ கூடு கலைஞ்சுபோச்சு. தாய் திரும்பி வரல. எங்க கோழிய அடை வெச்சேன்.”

கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார். “மயில வூட்டுல வெச்சா கேசு, தெரியுமாக்கா?”

“தெரிஞ்சுதானே ஃபாரஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோறேன்.”

“அடை காத்தது கோழிதானே. அதத்தான் புடிச்சு உள்ள போடுவாங்க.”

“போட்டா நீங்கதான் ஜாமீன் எடுக்கணும்.”

டயர் மாட்டியாகிவிட்டது. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்புகிறார். அக்கா பதறிக் கும்பிடுகிறாள். “இது ஒண்ணு வெளிய வந்துரட்டுங்க. வளைவுல பஸ் குலுங்குனா நசுங்கிருமுங்க.”

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறார்.

எல்லாரும் கூடைமேல் குனிகிறோம். ஓட்டுக்குள் தட்டும் சத்தம் கேட்கிறது. அலகு தெரிகிறது, பிறகு கழுத்து. “வருது, வருது!” என்று டிரைவர்தான் முதலில் கத்துகிறார். நானும் கத்துகிறேன். கோழி மிரண்டு என் விரலைக் கொத்துகிறது. வலிக்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணுகிறார்.

ஐந்து.