மத்தியானத்தில் யாரோ பார்க்கிறார்கள்

அவள் பஸ்ஸில் காலை வைத்ததுமே கண்டக்டர்கள் முணுமுணுப்பார்கள்: "எக்ஸ்ரே ஏறிடுச்சு." டிக்கெட் பரிசோதகர் வேலை. பயணிகளின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். டிக்கெட் வைத்திருக்கும் கை தானாகவே சட்டைப்பைக்குப் போகும். இல்லாத கை கம்பியை இறுக்கிக்கொள்ளும். அப்போதும் "டிக்கெட் எங்கே" என்று கேட்கமாட்டாள். "எங்கே ஏறினீங்க?" என்பாள், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. பதில் வரத் தயங்கினால் போதும், ஆள் அகப்பட்டான்.

இந்தக் குணத்தைச் சீருடையோடு கழற்றி ஆணியில் மாட்ட அவளுக்குத் தெரியவில்லை. வினை அங்கேதான். மகளுக்கு வரன் அமைந்தபோது மாப்பிள்ளையின் ஆபீசுக்கு யாரோ போலப் போன் செய்து, அப்படி ஒருவர் நிஜமாகவே அங்கே வேலை செய்கிறாரா என்று விசாரித்துவிட்டாள். செய்தி மகள் காதுக்குப் போயிற்று. கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் தாய்க்கும் மகளுக்கும் நடுவே "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம். கடைசியில் ஒருநாள் தாய் இறங்கி வந்தாள்.

"இனிமே உன் புருஷன் விஷயத்துல மூக்கை நுழைச்சேன்னா, நீ என்னை அம்மான்னே கூப்பிட வேண்டாம்."

"ஞாபகம் வச்சுக்கோ," என்றாள் மகள். அப்புறம்தான் பேச்சு மெல்ல மெல்ல நீண்டது.

இப்படி இருக்கையில், சரக்கு வேன் ஓட்டும் அவள் கணவர் வேனிலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டும் தலையணையுமாகச் சோபாவில் கிடந்தவருக்கு ஒரே ஆசை. முன்னாள் தீயணைப்பு வீரன் ஒருவன் ஊரிலுள்ள கட்டடங்களையெல்லாம் உடைத்துக்கொண்டு ஓடுவானே, எட்டு பாகமாக வந்த அந்தச் சண்டைப்படம், அதை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கவேண்டும்.

தேடினார்கள். முதல் பாகம் ஓர் ஆப்பில் இருந்தது, இரண்டும் மூன்றும் வேறோர் ஆப்பில். நான்காவது போன மாதம்வரை இருந்ததாம், இப்போது இல்லையாம். கடைசியில் ஒரு தளம் பல்லைக் காட்டியது: எட்டும் இலவசம், அட்டை எண்ணை மட்டும் போட்டால் போதும்.

"இலவசம்னா அட்டை நம்பர் எதுக்கு?" அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை."

"உனக்கு ஓநாயும் சந்தேகம், ஆடும் சந்தேகம்."

அந்த நேரம் பார்த்து மகள் அழைத்தாள். "எங்க அக்கவுண்ட்ல எட்டும் இருக்கும்மா. பாஸ்வேர்டு அனுப்பறேன். நாங்க ரெண்டு பேரும் பகல்ல ஆபீஸ், நீங்க தாராளமா பாருங்க. ஒரு சமயத்துல ஒரு டிவியிலதான் ஓடும், அவ்வளவுதான்."

'திடீர்னு என்ன கரிசனம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். மனக்கசப்புக்குப் பிறகு மகளாக நீட்டிய முதல் பொருள் அது.

காலை ஷிப்ட் முடிந்து அவள் வந்ததும் இருவரும் உட்காருவார்கள். முதல் பாகம் முடிந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மறுநாள் பார்த்தால், மூன்றாம் பாகத்தின் படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு. யாரோ பாதிவரை பார்த்திருக்கிறார்கள்.

"எனக்கு முன்னாடி பார்த்துட்டீங்களா?"

"ரிமோட்டை அலமாரி மேல வச்சுட்டு டூட்டிக்குப் போறவ நீ. கால் ஒடிஞ்சவன் பறந்து போயா எடுத்தேன், இன்ஸ்பெக்டரம்மா?"

நியாயமான கேள்வி. பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களோ என்று எண்ணினாள். அடுத்த நாள் மத்தியானம் படத்தைத் தட்டியதும் திரையில் எழுத்து வந்தது: உங்கள் கணக்கு வேறொரு திரையில் பயன்பாட்டில் உள்ளது. அதற்கடுத்த நாளும் அதே. சாயங்காலமானால் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வேலைநாள் பகலில் மட்டும் யாரோ சிவப்புக் கோட்டை நகர்த்திக்கொண்டே போனார்கள். நான்கு முடிந்தது, ஐந்தும் முடிந்தது.

கழுகுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மகளுக்கு வங்கிக் கவுண்டரில் வேலை, தலை சொறியக்கூட நேரமிருக்காது. மிச்சம் ஒரே ஆள்தான். வேலைநாளில் மாப்பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை? தனியாக இருக்கிறாரா? கூட வேறு யாராவது? அங்கே போன மனத்தை இழுத்துப் பிடித்தாள். பிடித்த இடத்தில் அது நிற்கவில்லை.

"பொண்ணுகிட்டச் சொல்லிடு," என்றார் கணவர்.

"சொன்னா? அம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு போனை வச்சுடுவா. இந்தத் தடவை வச்சா எடுக்கமாட்டா."

"அப்போ விட்டுடு."

விடத் தெரிந்தால் அவள் ஏன் எக்ஸ்ரே? வெள்ளிக்கிழமை மத்தியானம் திரை மறுபடி அதே வாசகத்தைக் காட்டியது. ரிமோட்டைக் கணவர் கையில் திணித்தாள். "அழுத்திக்கிட்டே இருங்க. அங்கே நிறுத்தினா இங்கே ஓடும்." போனை எடுத்து மாப்பிள்ளையை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"மாப்பிள்ளை, எங்கே இருக்கீங்க?"

தயக்கம். "ஆபீஸ்லதான் அத்தை. மீட்டிங்."

அதே நேரத்தில் இங்கே டிவி அலறியது. தீயணைப்பு வீரன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "ஏய், வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கணவர் கத்தினார்.

அந்தச் சத்தம் போனுக்குள்ளும் போயிருக்கவேண்டும். அங்கே மூச்சு விடும் ஓசை மட்டும். அவள் பொறுத்தாள். பஸ்ஸில் இப்படி நூறு பேர் முன்னால் நின்றிருக்கிறாள்.

"வேலை போயிடுச்சு அத்தை." "காலையில கிளம்பி, அவ போனதும் திரும்பி வந்துடறேன். வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். மத்தியானத்துல எங்கே போறதுன்னு தெரியலை. அதான் படம்."

"வேற யாரும் இல்லையே?"

"வேற யாரா? அய்யோ அத்தை!" அந்த அதிர்ச்சியில் தயக்கமே இல்லை. அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"அவகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கே."

"நீங்க சொல்லிடுவீங்களா?"

"நான் சொன்னா எனக்குப் பொண்ணு இல்லை. நீங்க சொல்லலைன்னா உங்களுக்குப் பொண்டாட்டி இல்லை. யோசிச்சுக்குங்க."

போனை வைத்தவள் படத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்வாரா? என்னைப் பற்றியே கோள் சொல்லி முந்திக்கொள்வாரா? விளக்கேற்றும் நேரத்தில் மகளின் அழைப்பு வந்தது.

"சொல்லிட்டார்மா. உனக்கு முன்னாடியே தெரியுமாமே."

"மத்தியானம் தெரிஞ்சுது." இம்முறை அவள்தான் தயங்கினாள். "நான் துப்பறியலைடி. படம் ஓடலை, அதனால கேட்டேன்."

"ஏன் எனக்கு உடனே சொல்லலை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்." மகள் மூக்கை உறிஞ்சினாள். "தினமும் நான் கட்டிக் குடுத்த டப்பாவை வீட்டுலயே உக்காந்து தின்னுட்டு, மீட்டிங்ல லேட் ஆச்சுன்னு கதை விட்டிருக்கார்மா. நாளைக்கு இன்டர்வியூன்னு கிளம்பினா நான் எப்படி நம்புவேன்? நீ மத்தியானத்துல அப்பப்போ போன் பண்ணு. நீ கேட்டாத்தான் உண்மை வருது."

எத்தனையோ நாளாக ஏங்கிய அனுமதி, தங்கத் தட்டில் வந்தது. வாங்கக் கை வரவில்லை. மகளின் குரலில் அவள் கேட்டது தன்னுடைய குரலையேதான்.

"மாட்டேன்," என்றாள். "அப்படிப் பண்ணினா, மாப்பிள்ளை என்கிட்டயும் நல்லாப் பொய் சொல்லக் கத்துக்குவார். நீயே கேளு. கேட்டுட்டு, பதிலை நம்பு."

"உன்னால முடிஞ்சுதா அது?"

"இல்லைடி. அதனாலதான் சொல்றேன்."

மகள் போனை வைக்கவில்லை.